கடலுக்கு அம்மை போட்ட வருஷம்

தரவைமுனையில் கடலுக்கு அம்மை போட்டது ஆனி பிறந்த முதல் வெள்ளிக்கிழமை. மீன்பிடித் தடைக்காலம் முடிந்து, விசைப்படகுகள் எல்லாம் புதுப் பெயின்ட் அடித்து, டீசல் ஏற்றி, ஐஸ் நிரப்பி, மாலை போட்டு, பெண் பார்க்கக் கிளம்பின மாப்பிள்ளை வீட்டார் மாதிரி வரிசை கட்டி நின்ற அன்றைக்குப் பார்த்துத்தான் போட்டது. ஒரு நாள் முந்திப் போட்டிருந்தால் ஐஸாவது மிஞ்சியிருக்கும் என்று அங்கலாய்ப்பவர்கள் ஊரில் இன்றைக்கும் உண்டு. ஆனால் அம்மா வருகிறவள் ஆளைக் கேட்டா வருகிறாள், நாளைப் பார்த்தா வருகிறாள்?

விடிந்து பார்த்தால் கரையிலிருந்து எதிரே தெரிகிற கொக்குத்தீவு வரைக்கும் தண்ணீர் மேலே கொப்புளம். காலையில் எலுமிச்சம்பழ அளவு, உச்சி வெயிலுக்குள் தேங்காய் அளவு. உள்ளே தெளிந்த நீர், மேலே மெல்லிய தோல், தொட்டால் காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி மாதிரிச் சுட்டது, விரலால் குத்தினால் உடையாமல் உள்வாங்கி மறுபடி எழுந்தது. காக்கைகள் கொத்திப் பார்த்து அலுத்துப் போய் ஏலக்கூடத்துக் கூரையில் உட்கார்ந்துகொண்டன. அலை அன்றைக்கு அடிக்கவில்லை. படகுத்துறைக் கல்லில் உடம்பை வைத்துத் தேய்த்தது, நின்று, மறுபடி தேய்த்தது. பார்த்த பொம்பிளைகளுக்கு உடனே புரிந்துவிட்டது, பாவம், அரிக்கிறது.

இப்படியும் நடக்குமா என்று யாரும் கேட்கவில்லை. வீட்டில் பிள்ளைக்குப் போட்டால் என்ன செய்வோமோ அதைச் செய்ய வேண்டியதுதானே என்றாள் பாசி எடுக்கப் போகும் பூமயில். அவள் சொன்ன மாதிரியே எல்லாம் நடந்தது. படகுத்துறையின் இரண்டு பக்கமும் வேப்பிலை கட்டினார்கள். படகு கட்டும் கயிறுகளிலும், ஆழம் காட்டும் மிதவைகளிலும் வேப்பிலை கட்டினார்கள். ஊரில் ஒரு அடுப்பிலும் தாளிப்பு இல்லை, வறுவல் இல்லை, மீன் இல்லை. பிறந்ததிலிருந்து மீன் குழம்பில் வளர்ந்த ஆம்பிளைகள் கேப்பைக் கூழையும் மோரையும் வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தார்கள். அந்தோணியார் கோயில் தெருவில் சிலுவைக்குப் பக்கத்தில் வேப்பிலை தொங்கியது. பள்ளிவாசல் தெருவில் பரோட்டாக் கடை பாய் கல்லைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, எங்க மார்க்கத்துல இது கிடையாது, ஆனா சோறு போடுறவளுக்கு உடம்பு சரியில்லைங்கும்போது எண்ணெய்ப் புகை கிளப்ப மனசு வரலையே என்று இடியாப்பம் பிழிய உட்கார்ந்தார். பக்கத்துத் துறையிலிருந்து வந்த படகுக்காரர்கள்கூட மிதவையில் வேப்பிலையைப் பார்த்ததும் எஞ்சினை அணைத்து, கையெடுத்துக் கும்பிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போனார்கள். அவர்கள் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள் இல்லையா.

அதிகாரிகளும் வந்தார்கள். இதை இயற்கைப் பேரிடரில் சேர்க்கலாமா என்று அவர்களுக்குள் ஒரு குழப்பம். ஊர்த்தலைவர் நம்புராசன், பெரிய விசைப்படகுக்குச் சொந்தக்காரர், வாய்க்குச் சொந்தக்காரரும்கூட, முகத்தை வெகு மரியாதையாக வைத்துக்கொண்டு, "பேரிடர்லாம் இல்லை சார், விருந்தாளி. வந்தா இருந்துட்டுத்தான் போவா. நீங்க காலைக் கழுவிட்டு வாங்க" என்றார். அவர்கள் ஷூவைக் கழற்றிக் காலைக் கழுவிவிட்டு, கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். சென்னையிலிருந்து நிபுணர்கள் வந்து ஒரு கொப்புளத்தில் ஊசி போட்டுத் தண்ணீர் எடுத்துப் போனார்கள். அதுவும் கடல்தண்ணீர்தான் என்று பதில் வந்தது. அது எங்களுக்கே தெரியுமே என்றது ஊர்.

இத்தனைக்கும் நடுவில் ஒருத்திக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. அவள்தான் செண்பகம், படகுத்துறைக்குப் பக்கத்தில் இரண்டு அறைக் கட்டடத்தில் இருக்கிற கடல் ஆய்வு நிலையத்து டாக்டரம்மா. ராசிபுரத்துப் பக்கம் சோளக்காட்டில் பிறந்து, காலேஜ் போகிற வயதில்தான் முதன்முதலாகக் கடலைப் பார்த்தவள், பார்த்த நாளிலிருந்து அதை விட்டு நகர மாட்டேன் என்று ஒட்டிக்கொண்டவள். கொக்குத்தீவின் கரையோரம், இடுப்பளவிலிருந்து இரண்டு ஆள் ஆழம் வரைக்கும், அவளும் பூமயிலும் சேர்ந்து வருஷக்கணக்காக ஒரு பவளத் தோட்டம் போட்டிருந்தார்கள். வலையில் சிக்கி ஒடிந்த பவளத் துண்டுகளைப் பொறுக்கி, சிமென்ட் பலகையில் கம்பியால் கட்டி, நாற்று நடுவது போல ஒவ்வொன்றாக நட்டு, விரல் நீளமாக இருந்ததெல்லாம் இப்போது கொத்துக் கொத்தாகப் படர்ந்து நடுவில் மீன் குஞ்சு பொரிக்கிற அளவுக்கு வந்திருந்தது.

பவளத்தைக் கல் என்று நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன், அது உயிர். அதன் தோலுக்குள்ளே பொடிப் பாசி ஒன்று குடியிருக்கிறது, நிறம் கொடுப்பதும் அதுதான், சமைத்துச் சோறு போடுவதும் அதுதான். கடல் சூடேறினால் பவளத்துக்குப் புத்தி கெட்டுவிடும், சோறு போடுகிறவளையே வீட்டை விட்டுத் துரத்திவிட்டு வெள்ளை வெளேரென்று பட்டினி கிடக்கும். சூடு சீக்கிரம் தணிந்தால் போனவள் திரும்பி வந்து அடுப்பை மூட்டுவாள். தணியாவிட்டால் அந்த வீடு அதோடு சரி. கடல் முப்பது டிகிரியைத் தாண்டினாலே தோட்டத்தைப் பார்க்கக் கிளம்பிவிடுகிற செண்பகத்துக்கு, துறைக்கு வெளியே போட்டிருந்த வெப்பமானி அன்றைக்கு முப்பத்து மூன்று என்று காட்டியது.

பச்சை நிழல் வலையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு அவள் துறைக்கு வந்தபோது பூமயில் குறுக்கே நின்றாள்.

"எங்க கிளம்பிட்டீக?"

"தோட்டத்துக்கு மேல வலை கட்டிட்டு வந்துடறேன்க்கா. வெயிலாவது கொஞ்சம் மறையும்."

"அம்மை போட்ட உடம்புல போயி யாராச்சும் குதிப்பாகளா டாக்டரம்மா?"

"போகலைன்னா அதுங்க செத்துப் போயிடும்க்கா."

"எனக்குத் தெரியாதா? அதுல பாதி நான் கட்டுனது. கம்பி குத்துன தழும்பு இந்தா கையில இருக்கு." பூமயில் கையை நீட்டிக் காட்டினாள். ஆனால் அவள் நகரவில்லை. "வீட்டுல ஒரு புள்ளைக்குப் போட்டிருக்கும்போது இன்னொரு புள்ளை பசிச்சு அழுதாலும் அடுப்பை ஓங்கி எரிக்க மாட்டோம். பொறுங்க."

செண்பகத்துக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. படித்த படிப்பெல்லாம் நாக்கு நுனியில் நின்றது. ஆனாலும் அவளால் இறங்க முடியவில்லை. நம்பிக்கை இல்லாதவள்தான், ஆனால் அன்றைக்குக் காலையில் நிலையத்து அடுப்பில் ரசம் வைக்கும்போது கடுகு டப்பாவைத் திறந்தவள் திறந்த வேகத்தில் மூடி வைத்திருந்தாள். அதை யாரிடமும் சொல்லவில்லை. வலையைத் திரும்பக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, வெப்பமானியின் எண்ணை வெறித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அந்த எண்தான் பிறகு ஊருக்கே மூச்சாகிப் போனது. முதலில் நம்புராசன் வந்து, "அம்மாவுக்கு இன்னைக்கு எப்படி இருக்கு?" என்று வாசலில் நின்று கேட்டார். செண்பகம் எண்ணைச் சொன்னாள். அவருக்குப் பின்னால் ஐஸ் கம்பெனிக்காரர் வந்தார், வலை கோக்கிற பெண்கள் வந்தார்கள், பாய் வந்தார், பாதிரியார் சைக்கிளில் வந்தார். பதில் சொல்லி மாளாமல் ஏலக்கூடத்துப் பலகையில், மீன் விலை எழுதுகிற அதே பலகையில், சாக்பீஸால் காய்ச்சலை எழுதிப் போட ஆரம்பித்தாள். கால் டிகிரி ஏறினால் பெண்கள் வேப்பங்கொத்தோடு கரைக்கு ஓடி முழங்காலளவு நின்று தண்ணீரைத் தடவித் தடவிக் கொடுத்தார்கள். கால் டிகிரி இறங்கினால் பானகம் கரைத்து ஊற்றினார்கள். பிள்ளைகள் கடலுக்குப் பக்கத்தில் சத்தம் போடாமல் விளையாடப் பழகிக்கொண்டார்கள். பஸ்காரர் ஊருக்குள் ஹாரன் அடிப்பதை விட்டுவிட்டார். ராசிபுரத்துப் பெண்ணுக்கு வந்த நாளிலிருந்து ஊரில் கிடைத்த பெயர் மேடம்தான், பின்னால் டாக்டரம்மா. இப்போதுதான் அது உண்மையிலேயே டாக்டரைக் கூப்பிடுகிற தொனியில் வந்தது.

பசி ஏறிக்கொண்டே போனது. தடைக்காலத்திலேயே வற்றிப்போன வீடுகள். ஒரு நாள் வெப்பமானி அரை டிகிரி இறங்கிக் காட்டியதும் நம்புராசன் துள்ளிக்கொண்டு வந்தார். "இறங்கிருச்சுல்ல? தலைக்கு ஊத்திருவோம் டாக்டரம்மா, ஊர் தாங்காது."

தலைக்கு ஊற்றிவிட்டால் கட்டுப்பாடெல்லாம் நீங்கிவிடும். சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், செண்பகம் அன்றைக்கே கடலுக்குள் இறங்கியிருக்கலாம். அவள் உள்ளமெல்லாம் அந்த வார்த்தையாகத்தான் இருந்தது. ஆனால் எண் அவள் கண் முன்னால் இருந்தது. "இன்னும் காய்ச்சல் இருக்குண்ணே. இறங்கி நிக்கட்டும், பொறுங்க" என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போய்த் தலையில் அடித்துக்கொண்டாள்.

பொறுத்தார்கள். காய்ச்சல் இறங்கியது, நின்றது, கொப்புளமும் கொஞ்சம் சுருங்கின மாதிரி இருந்தது. ஊர் கூடிக் கரையில் நின்று, வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் காய்ந்த தண்ணீரைக் குடம் குடமாக அலையில் ஊற்றியது. ஊற்றி முடித்த கையோடு கடல் பழுக்கக் காய்ச்சின இரும்பு போலச் சுட்டது. செண்பகம் பலகையில் முப்பத்து நான்கு என்று எழுதினாள். சுருங்கின கொப்புளமெல்லாம் மறுபடி தேங்காயானது.

ஏலக்கூடத்தில் ஊர் கூடியது. தப்பு எங்கே நடந்தது என்று ஆளுக்கு ஒன்று பேசினார்கள். மஞ்சள் மட்டம் என்றார் ஒருவர், எவன் வீட்டிலோ அப்பளம் பொரித்திருக்கிறான் என்றார் இன்னொருவர். கடைசியில் பூமயில்தான் எழுந்தாள்.

"கரையில நாம தெனம் என்ன செய்யுறோம்? குனிஞ்சு அலையைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிறோம். எதைத் தொட்டு ஒத்திக்குவோம், காலைத்தானே? அப்ப கரை அவளுக்குக் கால். தலைக்கு ஊத்துறோம் தலைக்கு ஊத்துறோம்னு காலுல போயி ஊத்திருக்கோம். சூடு தலைக்கு ஏறாம என்ன செய்யும்?"

ஊரோடு சேர்ந்து ஒரு முட்டாள்தனத்தைச் செய்துவிட்ட வெட்கம் எல்லார் முகத்திலும். சரி, அப்படியென்றால் தலை எங்கே? கன்னியாகுமரிப் பக்கம் தலை என்றார்கள், இல்லை, அது தோள்பட்டை என்றார்கள். கடலுக்குத் தலை ஏதுடா, எல்லாப் பக்கமும் வாய்தான் என்று ஒருவர் சலித்துக்கொண்டார். எல்லார் பார்வையும் மெதுவாகச் செண்பகத்தின் பக்கம் திரும்பியது.

அவள் பலகையில் இருந்த எண்ணைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "காய்ச்சல்னா எங்க தொட்டுப் பார்ப்போம்? நெத்தியில. உடம்புலயே அதிகமா சுடுறது அங்கதான். கடல்ல எந்த இடம் ரொம்பச் சுடுதுன்னு பார்த்தா தெரிஞ்சிடும்" என்றாள்.

போய்ப் பார்க்க ஊர் ஒத்துக்கொண்டது. நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்கள் தொடலாம், அதில் குற்றமில்லை. எஞ்சின் கூடாது, செருப்பு கூடாது, பெண்கள் இரண்டு பேர் மட்டும் போகலாம், தொடலாம், முங்கக் கூடாது. பாய்மரம் கட்டிய சின்ன வள்ளத்தில் செண்பகமும் பூமயிலும் போனார்கள். கொப்புளங்கள் வள்ளத்துக்கு வழிவிட்டு ஒதுங்கின. இடத்துக்கு இடம் நிறுத்தி, செண்பகம் வெப்பமானியைக் கயிற்றில் இறக்கி எடுத்தாள், பூமயில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். தெற்கே குறைவு, ஆழத்தில் குறைவு, வடக்கே கொஞ்சம் கூட. கொக்குத்தீவை நெருங்க நெருங்கச் சூடு ஏறியது. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் துடுப்புப் போட்டார்கள். கையை வைக்க முடியாத அளவுக்குச் சுட்ட இடம் அவர்கள் தோட்டத்துக்கு நேர் மேலே இருந்தது. தண்ணீர் பால் மாதிரிக் கலங்கிக் கிடந்தது. நாலு முழத்துக்குக் கீழே தன் பவளங்கள் எந்தக் கோலத்தில் கிடக்கின்றன என்று தெரியாமல், குனிந்து குனிந்து பார்த்துவிட்டு, செண்பகம் வள்ளத்துக்குள் சரிந்து உட்கார்ந்தாள்.

"நான் எப்படிக்கா இதைப் போய் ஊர்ல சொல்றது? என் தோட்டம் பொழைக்கணும்னு நான்தான் இங்க இழுத்துட்டு வர்றேன்னு நினைக்க மாட்டாங்களா? எனக்கே சந்தேகமா இருக்கு."

பூமயில் சிவந்து போன புறங்கையை ஊதிக்கொண்டே சொன்னாள். "ஆசை உங்களுக்கு இருக்கு, எனக்கும் இருக்கு. இருந்தா இருந்துட்டுப் போகுது. என் கை சுட்டுச்சா இல்லையா? நெத்தி நெத்திதான்."

செண்பகம் ஊரில் இரண்டையும் சொன்னாள், எண்ணையும் சொன்னாள், தன் ஆசையையும் சொன்னாள். நம்புராசன் தாடையைச் சொறிந்தார். "உங்க தோட்டத்துல நெத்தி இருந்தா அதுக்கு நீங்க என்ன செய்வீக? எங்க வீட்டுக் கொல்லையில இருந்திருந்தா நானும்தான் சொல்லியிருப்பேன்" என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

குடிதண்ணீர் லாரிக்குக் காத்துக் கிடக்கிற ஊர் அது. அந்த ஊரில் வீட்டுக்கு ஒரு குடம் நல்ல தண்ணீர் மணலில் வரிசையாக வெயிலில் நின்றது, மேலே வேப்பிலை மிதந்தது, மஞ்சள் கரைந்தது. எஞ்சின் போடாமல் எல்லாப் படகையும் துடுப்பாலேயே தள்ளிக்கொண்டு போனார்கள். துடுப்புப் பிடித்துப் பழக்கம் விட்டுப்போன ஆம்பிளைகள் ஒருவரை ஒருவர் மோதிக்கொண்டு, திட்டிக்கொண்டு, அம்மா பக்கத்தில் இருக்கிறாள் என்று ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டு போனார்கள். கொக்குத்தீவைச் சுற்றிப் படகுகள் வட்டம் கட்டின. பெண்கள் குடத்தைச் சாய்த்தார்கள். ஒரு குடத்துத் தண்ணீர் ஒரு கடலைக் குளிர வைக்காது என்பதற்குக் கணக்கே போட்டுக் காட்டக்கூடிய செண்பகமும் தன் நிலையத்துக் குடத்தை இரண்டு கையாலும் ஏந்தி, ஒரு சொட்டு வெளியே சிந்தாமல் ஊற்றினாள். மனசு குளிரணும் தாயே, உடம்பு குளிரணும் தாயே, ஆழம் குளிரணும், அலை குளிரணும், அலைக்குள்ள இருக்கிறதெல்லாம் குளிரணும் என்று பூமயில் சொல்லச் சொல்ல, படகு படகாக எல்லாரும் திருப்பிச் சொன்னார்கள்.

கடைசிக் குடம் காலியானதும் கொப்புளம் ஒன்று மெல்ல ஒரு பெருமூச்சு விட்டு அமுங்கியது. அதைப் பார்த்து அடுத்தது, அதைப் பார்த்து அடுத்தது. தீவிலிருந்து கரை வரைக்கும் அந்தப் பெருமூச்சு நகர்ந்து போவதைக் காதால் கேட்க முடிந்தது. பின்னாலேயே தெற்கிலிருந்து காற்று வந்தது, ஈரக் காற்று, அடியில் கிடந்த குளிர்ந்த தண்ணீரைப் புரட்டி மேலே கொண்டுவருகிற காற்று. காற்று வந்ததால் சூடு இறங்கியதா, ஊற்றியதால் காற்று வந்ததா என்று பின்னாளில் வெளியூர்க்காரர்கள் செண்பகத்தைக் கேட்பார்கள். ரெண்டும்தான் வந்தது என்று சொல்லிவிட்டு அவள் வேறு வேலையைப் பார்ப்பாள்.

முறைப்படி இரண்டாம் தண்ணீர் ஊற்றினார்கள், மூன்றாம் தண்ணீர் ஊற்றினார்கள். பலகையில் எண் இருபத்தொன்பதுக்கு வந்து நின்றது. மூன்றாம் தண்ணீர் முடிந்த அந்தப் பகலில் ஊர் நேராக மீன் பிடிக்கக் கிளம்பியிருக்க வேண்டும், கிளம்பவில்லை. படகுகள் தீவைச் சுற்றியே நின்றன. "நீங்க போயிப் பாத்துட்டு வாங்க டாக்டரம்மா, அப்புறம் நாங்க போறோம்" என்றார் நம்புராசன்.

செண்பகம் முகக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு இறங்கினாள். தண்ணீர் தெளிந்து கிடந்தது. கண்ணில் முதலில் பட்டதெல்லாம் வெள்ளை, வரிசை வரிசையாக வெள்ளை. பல பலகைகளில் செத்த பவளத்தின் மேல் வேறு பாசி படர்ந்து அழுகத் தொடங்கியிருந்தது. ஒவ்வொரு பலகையாகக் கையால் தடவிக்கொண்டு போனாள். ஆழமான ஓரத்துக்கு வந்தபோது ஒரு கொத்தின் அடியில் இளம் பழுப்பு தெரிந்தது. கண்ணாடியை ஒட்ட வைத்துப் பார்த்தாள். பக்கத்துக் கொத்திலும் இருந்தது. அதற்குப் பக்கத்திலும். வெளிறின விரல்களின் அடியிலிருந்து நிறம் மேலே ஏறிக்கொண்டிருந்தது, நுனியில் பொடிக் கைகள் விரிந்து தண்ணீரில் எதையோ பிடித்துப் பிடித்து வாயில் போட்டுக்கொண்டிருந்தன. போனவள் வந்து அடுப்பை மூட்டிவிட்டாள்.

மேலே வந்து கண்ணாடியைக் கழற்றினாள். எல்லாப் படகிலும் எல்லாரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை வருஷத் தொழிலில் தண்ணீரிலிருந்து எழுந்து அவள் சொன்ன சேதியெல்லாம் செத்த சேதி. இத்தனை போயிற்று, இன்னும் இத்தனை போகும் என்று முகம் மாறாமல் சொல்லத் தெரியும். நல்ல சேதியை எப்படிச் சொல்வது என்று அவளுக்குப் பழக்கமே இல்லை. வாயைத் திறந்தாள், சொல் வரவில்லை, ஒரு கேவல் வந்தது, அதன் பின்னால் அடக்க முடியாத அழுகை வந்தது.

பூமயில் அதைப் பார்த்தாள். மாரில் ஒரு அறை அறைந்துகொண்டு, நான் கட்டி வச்ச கண்மணியே, கடலுக்குள்ள போட்ட பொன்மணியே என்று ஒப்பாரியைத் தொடங்கிவிட்டாள். பக்கத்துப் படகு எடுத்துக்கொண்டது, அதற்கடுத்த படகு எடுத்துக்கொண்டது, பவளம் என்றால் என்னவென்றே தெரியாத பெண்கள்கூடத் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு அழுதார்கள். நம்புராசன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். செண்பகம் தண்ணீரில் கிடந்தபடி, இல்லைக்கா, இல்லைக்கா என்று கத்தியது யார் காதிலும் விழவில்லை. கடைசியில் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்து ஏறி, ஈரக் கையால் பூமயிலின் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"பொழைச்சிடுச்சுக்கா. நெறைய போயிடுச்சு, ஆனா மிச்சம் பொழைச்சிடுச்சு. நிறம் ஏறுதுக்கா."

பூமயில் அவளையே பார்த்தாள். ஒரு மூச்சுக்கு மட்டும் பாட்டு நின்றது. பிறகு ராகத்தைக் கொஞ்சமும் மாற்றாமல், அதே இழுவையில், அதே அழுத குரலில், நான் கட்டி வச்ச கண்மணியே கண்ணுறங்கு, கடலுக்குள்ள போட்ட பொன்மணியே கண்ணுறங்கு என்று பாட ஆரம்பித்தாள். பக்கத்துப் படகு அதைக் கேட்டு எடுத்துக்கொண்டது, அதற்கடுத்த படகு எடுத்துக்கொண்டது, வட்டம் சுற்றி வந்து முடிவதற்குள் ஊருக்கெல்லாம் சேதி தெரிந்துவிட்டது.